கிள்ளிய கொழுந்தும் கிள்ளிய கையும்

ஹந்தானை, ஹேவாஹெட்ட, தெல்தோட்டை எனக் கண்டியைச் சூழ்ந்திருக்கும் தேயிலை மலைகளில் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளப்படும் கொழுந்து, செடியிலிருந்து பிரிந்த அக்கணமே இறந்துவிடுவதில்லை. வேரிலிருந்து வந்துகொண்டிருந்த நீர் நின்றுபோகிறது. கூடையின் இருளுக்குள் போனதும், சூரிய ஒளியைக்கொண்டு உணவு தயாரிக்கும் ஒளித்தொகுப்பும் நின்றுபோகிறது. ஆனால் இலையிலுள்ள ஒவ்வொரு கலத்துக்குள்ளும் சேமிப்பிலிருந்த வெல்லம் படிப்படியாகச் சிதைக்கப்பட்டு, ஒட்சிசன் உள்வாங்கப்பட்டு, காபனீரொட்சைட்டும் நீரும் வெளிவிடப்படும் வேலை மட்டும் மணிக்கணக்காகத் தொடர்கிறது. இவ்வேலையில் வெளிப்படும் சக்தியில் ஒரு பங்கு வெப்பமாக மாறுகிறது. அதனாலேயே கொழுந்தைச் சாக்கில் அழுத்தித் திணித்து வெயிலில் போட்டுவைத்தால் நடுவிலிருக்கும் இலைகள் சூடேறிச் சிவந்துபோகின்றன. அப்படிச் சிவந்த கொழுந்திலிருந்து நல்ல தேயிலை கிடைக்காது என்பதை நிறுக்குமிடமாகிய மடுவத்தில் கொழுந்து நிறுப்பவர் முதல் தொழிற்சாலை அதிகாரி வரை அனைவரும் அறிவர். சாக்குகளைத் தளர்வாகக் கட்டுவதும், ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்காமல் லொறியில் ஏற்றுவதும், வந்த கொழுந்தைத் தாமதமின்றிப் பரப்பிவிடுவதும் பழக்கத்தால் வந்த கட்டுப்பாடுகள்போலத் தோன்றினாலும், அவற்றுக்கு அடிப்படை கலச் சுவாசம் என்னும் உயிரியல் நிகழ்வே.

1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டு, தன் பங்களாவின் திண்ணையையே தொழிற்சாலையாக்கிக் கையால் இலையை உருட்டிய நாள் முதல் இன்றுவரை, கறுப்புத் தேயிலையின் செய்முறை கொழுந்தை வாட்டுவதிலேயே தொடங்குகிறது. பறித்த கொழுந்தின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் நீர்; நீண்ட தொட்டிகளில் பரப்பி, கீழிருந்து காற்றைச் செலுத்தி, பன்னிரண்டு முதல் பதினெட்டு மணி நேரம் வரை வாட்டும்போது அந்நீரின் பெரும்பகுதி போய், இலை துவண்டு, உருட்டினால் நொறுங்காத பதத்துக்கு வருகிறது. இந்த மணிநேரங்களில் இலை சுவாசித்துக்கொண்டே இருப்பதால், நீர் மட்டுமன்றி அதன் உலர்பொருளிலும் ஒரு சிறு பங்கு காபனீரொட்சைட்டாகக் காற்றில் கரைகிறது. பின்னர் உருளை இயந்திரத்தில் இலை நசுக்கப்படும்போது கலங்களின் உள்மென்சவ்வுகள் கிழிகின்றன. அதுவரை வெவ்வேறு அறைகளில் பிரித்துவைக்கப்பட்டிருந்த பொலிபீனோல்கள் என்னும் துவர்ப்புப் பொருட்களும் அவற்றை ஒட்சியேற்றும் நொதியமும் ஒன்றோடொன்று கலந்து, காற்றிலுள்ள ஒட்சிசனைப் பற்றிக்கொள்ள, பச்சை இலை செப்பு நிறமாகிறது. தொழிற்சாலையில் நொதிக்கவைத்தல் என்று அழைக்கப்பட்டாலும் இதில் மதுவத்துக்கோ வேறு நுண்ணுயிருக்கோ முக்கியப் பங்கில்லை.

ஒரே இலையில் சில மணிநேர இடைவெளியில் நடக்கும் இவ்விரண்டு நிகழ்வுகளையும் ஒப்பிட்டால் சுவாசத்தின் உட்பொருள் தெளிவாகும். வாட்டும் தொட்டியிலும் ஒட்சியேற்றம் நடக்கிறது, உருட்டிய பின்னரும் ஒட்சியேற்றம் நடக்கிறது. இரண்டிலும் செலவாவது ஒட்சிசனே. முன்னதில், கலத்தின் சுவர்களும் மென்சவ்வுகளும் முழுமையாக இருப்பதால், வெளிப்படும் சக்தி வரிசையான படிகளில் பிடிக்கப்பட்டுக் கலத்தின் வேலைக்குப் பயன்படுகிறது. பின்னதில் அந்த ஒழுங்கு குலைந்துவிட்டமையால் நிறமும் மணமும் சூடும் மிஞ்சுகின்றனவேயன்றிக் கலத்துக்கு எந்த ஆதாயமும் இல்லை. ஒட்சிசன் இருந்தால் மட்டும் போதாது, அது சென்றடையும் வழியில் ஓர் ஒழுங்கும் இருக்கவேண்டும் என்பதே சுவாசத்தின் முழுக் கதையும்.

நெஞ்சு விரிந்து சுருங்க மூச்சு வாங்கி விடுவதைச் சுவாசம் என்பது அன்றாட வழக்கு. உயிரியலாளர் கருதும் கலச் சுவாசம் நுரையீரலில் நடப்பதன்று. மூச்சு என்பது அதற்கு வேண்டிய ஒட்சிசனை வாசல்வரை கொண்டுவந்து சேர்க்கும் ஏற்பாடு மட்டுமே. காலையில் கோதுமை மா ரொட்டியும் சம்பலும் தின்று மலைக்கு ஏறும் தொழிலாளியின் உடலில், ரொட்டியிலுள்ள மாப்பொருள் உமிழ்நீரிலும் சிறுகுடலிலும் உள்ள நொதியங்களால் குளுக்கோசு என்னும் எளிய வெல்லமாக உடைந்து, இரத்தத்தின் வழியாகத் தசைக்கலங்களைச் சென்றடைகிறது. சம்பலிலுள்ள தேங்காயின் கொழுப்பும் வேறொரு பாதையால் அங்கேயே வந்துசேர்கிறது. 1780களில் பிரான்சின் அந்துவான் லவோசியேயும் லாப்பிளாசும் பனிக்கட்டி சூழ்ந்த ஒரு பாத்திரத்தில் கினிப்பன்றியை வைத்து, அது வெளிவிட்ட வெப்பத்தால் உருகிய நீரை அளந்து, சுவாசம் என்பது மெதுவாக நடக்கும் எரிதலே என்ற முடிவுக்கு வந்தனர். முடிவு சரியானதே, ஆனால் பாதிதான். 180 கிராம் குளுக்கோசை அடுப்பில் எரித்தாலும் உடலுக்குள் முழுமையாகச் சிதைத்தாலும் வெளிப்படும் சக்தி ஏறத்தாழ 2800 கிலோயூல்; ஆனால் அடுப்பு அதை ஒரே மூச்சில் கொட்டிவிடுகிறது, கலமோ பல படிகளில் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குகிறது. ஒரேயடியாகக் கொட்டினால் கலமே வெந்துபோகும்.

முதற்கட்டம் கலத்தின் திரவப் பகுதியாகிய குழியவுருவில் நடைபெறுகிறது. ஆறு காபன் அணுக்களைக்கொண்ட குளுக்கோசு மூலக்கூறு பத்துப் படிகளில், மூன்று காபன் கொண்ட இரண்டு பைருவேற்று மூலக்கூறுகளாகப் பிளக்கப்படுகிறது. இதற்கு ஒட்சிசன் தேவையில்லை, கிடைக்கும் ஆதாயமும் சொற்பம். வெல்லப்பகுப்பு எனப்படும் இக்கட்டம் பூமியின் வளியில் ஒட்சிசன் சேர்வதற்கு முன்பே வாழ்ந்த உயிர்களின் காலத்திலிருந்து வருகிறது என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. அடுத்த கட்டங்கள் இழைமணிக்குள் நடக்கின்றன. இழைமணி என்பது இரண்டு மென்சவ்வுகளால் போர்த்தப்பட்ட, ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு பங்கு தடிப்புள்ள புன்னங்கம். ஈரல், இதயத்தசை போன்ற உழைப்பு மிகுந்த இடங்களில் ஒரு கலத்துக்குள்ளேயே நூற்றுக்கணக்கில், சிலவேளை ஆயிரத்துக்கு மேலும் இருக்கும். அங்கே பைருவேற்றின் காபன் அணுக்கள் ஒவ்வொன்றாகக் கழற்றப்பட்டுக் காபனீரொட்சைட்டாக வெளியேறுகின்றன; அவற்றோடிருந்த உயர்சக்தி இலத்திரன்கள், அவற்றைச் சுமப்பதற்கென்றே அமைந்த காவி மூலக்கூறுகளில் ஏற்றப்படுகின்றன. தொடங்கிய பொருளிலேயே வந்து முடியும் இச்சுழற்சியை 1937இல் இங்கிலாந்தின் ஷெபீல்டில் கண்டறிந்தவர், ஹிட்லரின் ஆட்சியால் ஜேர்மனியைவிட்டு வெளியேறிய ஹான்ஸ் கிரெப்ஸ். அவர் அனுப்பிய சிறு கட்டுரையை, ஏற்கனவே பல வாரங்களுக்குப் போதுமான கட்டுரைகள் கைவசம் உள்ளன என்று கூறி நேச்சர் இதழ் திருப்பியனுப்பியது. வேறோர் இதழில் வெளியான அதே ஆய்வுக்கு 1953இல் நோபல் பரிசு கிடைத்தது. இதழாசிரியர்கள் மறக்க விரும்பும் வரலாறு இது.

மிக வியப்பானது மூன்றாம் கட்டமே. இழைமணியின் உள்மென்சவ்வில் வரிசையாகப் பதிந்திருக்கும் புரதங்கள் இலத்திரன்களை ஒன்றிடமிருந்து மற்றொன்று வாங்கிக் கைமாற்றி, இறுதியில் ஒட்சிசனிடம் ஒப்படைக்கின்றன. இலத்திரன்களையும் ஐதரசன் அயன்களையும் ஏற்ற ஒட்சிசன் நீராகிறது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் இறங்கும் சக்தியைக்கொண்டு, புரோத்தன்கள் எனப்படும் ஐதரசன் அயன்கள் மென்சவ்வின் உட்புறத்திலிருந்து வெளிப்புறத்துக்குத் தள்ளப்படுகின்றன. இதன் விளைவை விளங்கிக்கொள்ளக் கண்டிக்குக் கிழக்கே மகாவலியை மறித்து நிற்கும் விக்டோரியா அணையை நினைத்துக்கொள்வது உதவும். பழைய தெல்தெனிய நகரை மூழ்கடித்து எழுந்து, 1985இல் திறந்துவைக்கப்பட்ட 122 மீற்றர் உயரமான அவ்வணையில் தேங்கிய நீர், சுரங்கத்தின் வழியே இறங்கி மூன்று சுழலிகளைச் சுழற்றி 210 மெகாவாற்று வரை மின்சாரம் தருகிறது. மென்சவ்வின் வெளிப்புறத்தில் தேங்கிய புரோத்தன்களும் அவ்வாறே உள்ளே இறங்கத் துடிக்கின்றன. அவை இறங்குவதற்கு விடப்பட்டிருக்கும் ஒரே நல்வழி, மென்சவ்வை ஊடுருவி நிற்கும் ஒரு புரதச் சுழலி. அணையின் தடிப்பு இங்கே ஒரு மில்லிமீற்றரின் இலட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதன் இரு புறத்துக்கும் இடையிலுள்ள மின்னழுத்தம் ஏறத்தாழ 150 மில்லிவோல்ற்று. எண் சிறிதுதான், ஆனால் அவ்வளவு மெல்லிய சவ்வுக்குக் குறுக்கே கணக்கிட்டால் மீற்றருக்கு மூன்று கோடி வோல்ற்று என்ற மின்புலம் வருகிறது. இடி மின்னலுக்கு முந்திய முகிலிலும் இந்த அளவு மின்புலம் இருப்பதில்லை.

அந்தச் சுழலி கவிஞரின் கற்பனையன்று, உண்மையாகவே சுழல்கிறது. புரோத்தன் தேக்கம் என்ற கருத்தை 1961இல் பீற்றர் மிச்செல் முன்வைத்தபோது உயிர்வேதியியலாளரிற் பலர் ஏற்கவில்லை. அவர் உடல்நலக் குறைவால் பல்கலைக்கழகத்தைவிட்டு விலகி, கோர்ண்வோலில் ஒரு பழைய மாளிகையைச் சீர்செய்து, அங்கே சொந்த ஆய்வுகூடம் நடத்தி, 1978இல் நோபல் பரிசு பெற்றார். 1997இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அப்புரதத்தின் அச்சில் ஒளிரும் இழையொன்றை ஒட்டி, அது ஒரே திசையில் சுழல்வதை நுண்ணோக்கியின் கீழ்ப் படம்பிடித்துக் காட்டினர். ஒரு முழுச் சுற்றுக்கு மூன்று மூலக்கூறு வீதம் அச்சுழலி உருவாக்கித் தருவதே அடினோசின் முப்பொசுபேற்று, சுருக்கமாக ஏ.ரீ.பி. மூன்று பொசுபேற்றுக் கூட்டங்கள் தொடராக இணைந்த இம்மூலக்கூற்றில் கடைசிக் கூட்டம் கழலும்போது வெளிப்படும் சக்தியே தசையைச் சுருக்குகிறது, நரம்பில் செய்தியைச் செலுத்துகிறது, புதிய புரதங்களைக் கோக்கிறது. ஒரு குளுக்கோசு மூலக்கூற்றிலிருந்து 30 அல்லது 32 ஏ.ரீ.பி. கிடைக்கும் என்பது இன்றைய மதிப்பீடு. 36, 38 என்று பழைய பாடநூல்கள் எழுதியவை சற்று மிகை. குளுக்கோசின் சக்தியில் மூன்றிலொரு பங்காவது இவ்வாறு சேமிக்கப்படுகிறது. கலத்துக்குள் நிலவும் உண்மையான செறிவுகளைக்கொண்டு கணக்கிட்டால் இது பாதியைத் தொடும். எஞ்சியது வெப்பம். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவரின் உடல் 80 முதல் 100 வாற்று வரை வெப்பம் விடுவதும், சாக்கில் திணித்த கொழுந்து சூடேறுவதும் இதனாலேயே. மனித உடலில் எக்கணத்திலும் இருக்கும் ஏ.ரீ.பி.யின் அளவு மிகச் சிறிது. ஆனால் உடைந்ததை மீண்டும் கட்டி, கட்டியதை மீண்டும் உடைத்து, ஒரு நாளில் கைமாறும் மொத்த அளவு உடலின் சொந்த எடைக்கு ஒப்பாகிறது.

இம்மூலக்கூற்றின் வரலாற்றில் சென்னையில் படித்த இருவரின் பெயர் வருகிறது. முதல்வர் எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, 1923இல் அமெரிக்கா சென்ற அவர், ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கேயோடு சேர்ந்து இரத்தத்திலும் தசையிலும் பொசுபரசை அளக்கும் முறையொன்றை வகுத்தார். அம்முறையின் உதவியால் தசையின் சேமிப்பாகிய பொசுபோகிரியற்றினும் பின்னர் 1929இல் ஏ.ரீ.பி.யும் கண்டறியப்பட்டன. அதே ஆண்டில் ஜேர்மனியில் கார்ல் லோமனும் தனியே ஏ.ரீ.பி.யைப் பிரித்தெடுத்தார். தசைச் சுருக்கத்தின் சக்தி எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு விடையின் பாதியைத் தந்த சுப்பாராவுக்கு ஹார்வர்ட் நிரந்தரப் பதவி தரவில்லை, நோபல் குழுவும் திரும்பிப் பார்க்கவில்லை. பாடநூல்களிலும் அவர் பெயர் அளக்கும் முறையொன்றின் பெயராகவே ஒட்டிக்கொண்டிருக்கிறது. மற்றவர் காலியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் மெய்யியலில் பட்டம் பெற்று, பின்னர் வேதியியலுக்கு மாறிய சிறில் பொன்னம்பெரும. நாசாவின் ஏம்ஸ் ஆய்வுகூடத்தில் காள் சேகன், றூத் மறினர் ஆகியோரோடு அவர் 1963இல் வெளியிட்ட ஆய்வில், உயிர் தோன்றுமுன் பூமியில் இருந்திருக்கக்கூடிய நிலைமைகளை ஒத்த சூழலில் அடினோசினும் ஒரு பொசுபேற்றுச் சேர்வையும் கலந்த கரைசலின்மேல் புறவூதாக் கதிரைச் செலுத்தியபோது ஏ.ரீ.பி. உருவாயிற்று. உயிர் தோன்றியபின் உயிரே கண்டுபிடித்த பொருளன்று ஏ.ரீ.பி., உயிருக்கு முன்பே அது இருந்திருக்கக்கூடும் என்பதே அதன் பொருள். 1980களில் அவர் இலங்கைக்குத் திரும்பி, ஹந்தானை வீதியிலுள்ள அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்தின் பணிப்பாளராகப் பொறுப்பேற்று நடத்தினார். அந்நிறுவகத்துக்கு மேலே ஏறும் அதே பாதையில், 1925இல் கட்டப்பட்ட பழைய தேயிலைத் தொழிற்சாலை இன்று தேயிலை அருங்காட்சியகமாக நிற்கிறது.

ஒட்சிசன் கிடைக்காத இடத்தில் கலம் என்ன செய்யும் என்பதைக் கண்டிச் சுற்றுப்புறக் கிராமங்களின் கித்துள் மரங்கள் காட்டுகின்றன. கித்துளின் பூங்கொத்தைச் சீவி முட்டியில் இறக்கும் பதநீர் வெல்லம் நிறைந்தது. காய்ச்சினால் பாணி, மேலும் இறுகக் காய்ச்சினால் கருப்பட்டி. ஆனால் முட்டியிலும் காற்றிலும் பூச்சிகளின் காலிலும் ஒட்டிவரும் மதுவம் அதற்குள் விழுந்துவிட்டால், சில மணிநேரத்திலேயே அது நுரைத்துக் கள்ளாகிவிடும். நுரைக்குள் இருப்பது காபனீரொட்சைட்டு. முட்டியின் அடியில் ஒட்சிசன் தீர்ந்ததும் மதுவத்தின் கலங்கள் வெல்லப்பகுப்போடு நின்றுகொள்கின்றன. பைருவேற்றை எதனோலாக மாற்றி, காவி மூலக்கூறுகளைச் சுமை இறக்கி மீட்டெடுத்து, அதே பத்துப் படிகளை மீண்டும் மீண்டும் ஓட்டுகின்றன. ஒரு குளுக்கோசுக்கு இரண்டே ஏ.ரீ.பி. என்பதால், உயிர்வாழ வேண்டிய அளவைச் சேர்க்க மதுவம் ஏராளமான வெல்லத்தைத் தின்று தீர்க்கவேண்டியிருக்கிறது. காற்றுப் படவிட்டால் வெல்லம் மெதுவாகவே குறைகிறது என்பதை லூயி பாஸ்டர் 1861இலேயே கவனித்தார். வெல்லத்திலிருந்த சக்தியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் எதனோலுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. வடித்தெடுத்த சாராயம் தீப்பற்றி எரிவது மதுவம் எடுக்காமல் விட்ட அந்தப் பங்கினால்தான். பாணி காய்ச்ச விரும்புவோர் முட்டிக்குள் ஹல் மரப்பட்டையைப் போட்டு நொதித்தலைத் தாமதப்படுத்துவர். யாழ்ப்பாணத்தார் பனையின் கருப்பநீருக்காக முட்டியில் சுண்ணாம்பு தடவுவதும் அதே நோக்கத்துக்கே.

கள்ளை ஆக்கும் மதுவம் ஒட்சிசன் இல்லாமலும் சமாளிக்கும். மனித மூளையோ சில நிமிடங்களுக்கு மேல் தாங்காது. ஒட்சிசன் இருந்தும் அதைப் பயன்படுத்த முடியாத நிலையும் உண்டு. மலையகத்தில் பசி தீர்க்கும் மரவள்ளிக் கிழங்கில் லினமறின் என்னும் பொருள் உள்ளது. கிழங்கை வெட்டும்போதோ அரைக்கும்போதோ கலங்கள் உடைந்து, வேறோர் அறையிலிருந்த நொதியம் அதைத் தொட்டவுடன் ஐதரசன் சயனைட்டு என்னும் கடும் நஞ்சு வெளிப்படுகிறது. இலத்திரன் சங்கிலியின் கடைசிப் புரதமாகிய சைற்றோகுரோம் ஒட்சிடேசில், ஒட்சிசன் வந்து அமரவேண்டிய இரும்பணுவில் சயனைட்டு ஏறி அமர்ந்துகொள்கிறது. அத்தோடு சங்கிலி முழுவதும் நின்றுபோகிறது. புரோத்தன்கள் தள்ளப்படுவதில்லை, சுழலி ஓய்கிறது. சயனைட்டு நஞ்சேறியவரின் நாள இரத்தமும் பிரகாசமான சிவப்பாக இருப்பதை மருத்துவர்கள் கவனிப்பதுண்டு; இரத்தம் கொண்டுவந்த ஒட்சிசனைக் கலங்கள் எடுத்துக்கொள்ளாமலே திருப்பியனுப்பிவிடுகின்றன. இலங்கை முழுவதும் மரவள்ளியை இஞ்சியோடு சேர்த்து உண்ணக்கூடாது என்ற நம்பிக்கை வேரூன்றியிருக்கிறது. ஆனால் நஞ்சு வருவது கிழங்கிலிருந்தே. தோலை நன்றாகச் சீவி, துண்டாக்கி, நிறைய நீரில் மூடியைத் திறந்துவைத்து அவித்து, அந்த நீரைக் கொட்டிவிடும் பழைய வழக்கத்தில்தான் பாதுகாப்பு இருக்கிறது, ஏனெனில் ஐதரசன் சயனைட்டு 26 பாகையிலேயே ஆவியாகும் பொருள்.

தன் உடலிலேயே நஞ்சு வைத்திருக்கும் மரவள்ளி எப்படிப் பிழைக்கிறது என்ற கேள்வி எழலாம். தாவரங்களின் இழைமணிகளில் சயனைட்டால் தடைப்படாத மாற்றுப்பாதை ஒன்று உண்டு. அவ்வழியே போகும் இலத்திரன்கள் ஒட்சிசனை அடைந்துவிடும், ஆனால் புரோத்தன்களைத் தள்ளும் இடங்களிற் பலவற்றைத் தவிர்த்துவிடுவதால் சக்தி பெரும்பாலும் வெப்பமாகிவிடும். கரணைக்கிழங்கின் பெரிய பூ மலரும்போது தொட்டால் சூடாக இருப்பதும், அச்சூட்டில் நாற்றம் ஆவியாகிப் பூச்சிகளை இழுப்பதும் இம்மாற்றுப்பாதையின் கைங்கரியமே. தாவரங்களின் சுவாசத்துக்கே அஞ்சி, பேராதனைப் பூங்காவில் இரவில் பெரிய மரத்தடியில் படுத்தால் மூச்சடைக்கும் என்று சொல்வாருண்டு. மரம் பகலிலும் இரவிலும் சுவாசிக்கிறது, ஆனால் அது விடும் காபனீரொட்சைட்டு அருகில் படுத்திருக்கும் மனிதர் விடுவதைவிட அஞ்சத்தக்க அளவினதன்று.

சயனைட்டு அமர்ந்த அந்த இரும்பணு மலையகத்துக்கு வேறொரு வகையிலும் முக்கியமானது. ஒட்சிசனை நுரையீரலிலிருந்து தசைக்குச் சுமந்துசெல்லும் ஈமோகுளோபின் இரும்பைச் சார்ந்தது. தசைக்குள் அதை வாங்கிவைக்கும் மயோகுளோபின் இரும்பைச் சார்ந்தது. 1925இல் டேவிட் கெயிலின் பூச்சிகளின் பறக்கும் தசையை நிறமாலைகாட்டியால் பார்த்துப் பெயரிட்ட சைற்றோகுரோம்களும் இரும்பைச் சார்ந்தவை. எனவே உணவில் இரும்பு குறைந்தால் சங்கிலியின் ஒரு கண்ணி மட்டுமன்றி, நுரையீரல் முதல் இழைமணி வரையான முழுப்பாதையுமே தளர்கிறது. தோட்டத்துப் பெண்களிடையே இரத்தச்சோகை நெடுங்காலமாகவே மருத்துவர்கள் அறிந்த சிக்கல். மாதவிடாயும் அடுத்தடுத்த பேறுகாலங்களும் கொழுக்கிப்புழுவும் இரும்பைக் கரைக்க, ரொட்டியும் சோறும் மிகுந்து மீனும் இறைச்சியும் அரிதான உணவு அதை ஈடுசெய்வதில்லை. சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கும் தேநீரின் பொலிபீனோல்கள் தாவர உணவிலுள்ள சொற்ப இரும்பையும் குடலிலேயே பிடித்துக்கொள்கின்றன. தேநீரைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் பிந்திக் குடிப்பதும், சம்பலில் தேசிக்காய் பிழிந்துகொள்வதும் ஓரளவு பயன்தரும். ஆனால் கடுமையான குறைபாட்டை அவை மட்டும் சரிசெய்யா.

1970களில் பேராதனை மருத்துவ பீடத்தைச் சேர்ந்த பிரயன் செனவிரத்னவும் கலிபோர்னியாவிலிருந்து வந்த ஜெரால்ட் காட்னர், ரெஜி எட்கெர்டன் முதலியோரும் சேர்ந்து இத்தளர்ச்சியை இலங்கைத் தேயிலைத் தோட்டப் பெண்களிடையே அளந்து பார்த்தனர். 1977இல் வெளியான முதல் ஆய்வில் 75 பெண்கள் ஓடுபட்டையில் நடக்கவிடப்பட்டனர். வேகமும் ஏற்றமும் கூடக்கூட, ஈமோகுளோபின் குறைந்தவர்கள் முன்னதாகவே களைத்து நின்றனர், அவர்களின் இதயம் கூடுதல் வேகத்தில் அடித்தது, உழைப்புக்குப் பின் இரத்தத்தில் இலற்றிக்கமிலமும் கூடுதலாகச் சேர்ந்திருந்தது. இலற்றிக்கமிலம் என்பது ஒட்சிசன் போதாத தசைக்கலம் பைருவேற்றை ஒதுக்கிவைக்கும் வடிவம். மதுவம் எதனோலாக்குவதைத் தசை இலற்றிக்கமிலமாக்குகிறது. அதாவது சோகையுற்ற பெண்ணின் தசை, பக்கத்து மலையில் ஏறும் மற்றொருத்தியின் தசை முப்பது ஏ.ரீ.பி. எடுக்கும் அதே வெல்லத்திலிருந்து அடிக்கடி இரண்டோடு திருப்திப்பட வேண்டியிருக்கிறது. அவளுக்கும் நாளாந்தக் கொழுந்துக் கணக்கு அதேதான்.

1979இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் வெளியான இரண்டாம் ஆய்வு ஆய்வுகூடத்தை விட்டு மலைக்கே சென்றது. இரும்புச் சத்து கொடுக்கப்பட்டு ஈமோகுளோபின் உயர்ந்தவர்களின் கொழுந்து நிறை, ஒரு மாதத்தின் பின் உயராதவர்களின் நிறையோடு ஒப்பிடப்பட்டது; உயர்ந்தவர்கள் கூடுதலாகப் பறித்திருந்தனர், தொடக்கத்தில் சோகை மிகுந்திருந்தவர்களிடத்தில் முன்னேற்றமும் மிகுந்திருந்தது. மடுவத்துத் தராசு இவ்வாறு இழைமணியின் வேலையை அளக்கும் கருவியாயிற்று. நிறை குறைந்த நாளில் அரைப் பெயர், அதாவது அரைநாள் கூலி, போட்டு, உழைக்க மனமில்லாதவள் என்று ஏசும் வழக்கத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு கிடைப்பது அரிது. ஆய்வாளர்கள் வேலை நேரத்தோடு நிறுத்தாமல், அப்பெண்களின் அன்றாட நடமாட்டத்தையும் நான்கு அல்லது இருபத்துநான்கு மணிநேரம் தொடர்ந்து பதிவுசெய்தனர். இரும்பு கிடைத்தபின், யாரும் கணக்கெழுதாத அந்நேரங்களிலும் அவர்களின் அசைவு கூடியிருந்தது.